இதழினி கீழே வராத வருஷம்

ஊஞ்சப்பாளையத்தில் சென்னியப்பன் வாத்தியார் தன் மகளைத் தூக்கிப் போட்டு அவள் கீழே வராமல் போன ஆடி மாதக் காலையில், அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிளஸ் டூ பிள்ளைகளில் ஒருவருக்கும் பெரிதாக ஆச்சரியம் ஏற்படவில்லை. மேலே எறிந்த பொருள் உச்சிக்குப் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் அவர்கள் அந்த நேரத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியாரின் டியூஷன் என்பது பவானி ரோட்டில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, அதன் முன்னால் ஒரு மண்வாசல், கொட்டகை கொள்ளாத பிள்ளைகள் உட்கார வாசலில் நாலைந்து பாய்கள், அவ்வளவுதான். ஆனால் ஊரில் பாதிப் பேர் அவரிடம் இயற்பியல் படித்தவர்கள், மீதிப் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பஸ் கண்டக்டர், மருந்துக்கடைக்காரர், தீயணைப்பு நிலையத்தில் இருப்பவர்கள், கரும்பு ஜூஸ் பிழியும் குப்புராஜ் எல்லோரும் அவருடைய பாய்களில் உட்கார்ந்து எழுந்தவர்கள். வாத்தியார் எதையும் விளக்கமாட்டார். விளக்கினால் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் நேரம் போகும், நேரம் போனால் மார்க் போகும் என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி கட்டி வைத்திருந்தார், அதைப் பிள்ளைகள் ஒரே குரலில் கத்தவேண்டும், பரீட்சையில் கேள்வியைப் பார்த்ததும் அந்த வரி தானாக வாயில் வந்து நிற்கவேண்டும். அப்படி அவர் கட்டிய வரிகளிலேயே ஊருக்கு மிகவும் பிடித்தது இதுதான்:

"உச்சியில நின்னா வேகமும் சைபர், முடுக்கமும் சைபர், முடிஞ்சது கணக்கு!"

இந்த வரியைக் கத்திப் படித்தவர்கள் பிறகு இதைச் சொல்லித் தங்கள் பிள்ளைகளுக்குச் சோறூட்டினார்கள், தறி ஓட்டுகிறவர்கள் தறிச் சத்தத்துக்கு இதைப் பாடினார்கள், பஸ் மேட்டில் ஏறி நின்றால் கண்டக்டர் விசிலுக்குப் பதில் இதைச் சொன்னார். இதில் தப்பு இருக்கலாம் என்று நினைக்க யாருக்கும் தோன்றவில்லை, ரமீஜாவைத் தவிர.

ரமீஜா சின்னப் பெண் அல்ல. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் இதே வாத்தியாரிடம் டியூஷன் படித்து, இயற்பியலில் மட்டும் கோட்டைவிட்டு, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, ஒரு வேலைக்கு மனுப் போட பிளஸ் டூ தேறியிருக்கவேண்டும் என்ற நிலை வந்தபோது திரும்பவும் அதே பாயில் வந்து உட்கார்ந்தவள். அவள் கோட்டைவிட்டதற்குக் காரணம் படிப்பு ஏறாதது அல்ல. கேள்வி வந்தால் கேட்டுவிடுவாள், பதில் வராவிட்டால் அடுத்த பக்கம் திருப்பமாட்டாள். ஆடி பிறந்த வாரத்தில்கூட அவள் எழுந்து நின்றாள்.

"சார், உச்சியில ரெண்டுமே சைபருன்னா, பந்து அப்பறம் எதுக்குங்க சார் கீழ வருது?"

"ஏம்மா, இது ஒரு மார்க்குக் கேள்வி. ஒரு மார்க்குக்கு எவ்வளவு யோசிக்கோணுமோ அவ்வளவு யோசி போதும்."

"இல்லீங்க சார், அடுத்த கணக்குலயே மேல போறதுக்கு எவ்வளவு நேரமோ கீழ வர்றதுக்கும் அவ்வளவு நேரமுன்னு போடறோமே?"

"அது அஞ்சு மார்க்கு. அதையும் இதையும் போட்டுக் கலக்காதே."

பிள்ளைகள் சிரித்தார்கள். தனியாகத் தெரியவேண்டாமே என்று ரமீஜாவும் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

வாத்தியாருக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, கோயில் ஆஸ்பத்திரி எல்லாம் ஏறி இறங்கிய பிறகு பிறந்தவள் இதழினி. அந்தக் காலையில் அவளுக்கு ஒரு வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவர் மனைவி பூங்கொடி குழந்தையின் நகத்தை வெட்டி, குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வாசலுக்குத் தூக்கிவந்தாள். பிள்ளைகள் அந்த வரியைக் கத்தக் கத்தக் குழந்தை அதற்குக் கை தட்டியது. தாளம் தப்பாமல் தட்டியது. வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை, குழந்தையை வாங்கி, தினமும் போடுகிற மாதிரிதான் தூக்கிப் போட்டார், சந்தோஷத்தில் கை கொஞ்சம் வேகமாகப் போய்விட்டது, பிள்ளைகளும் சந்தோஷத்தில் இன்னும் சத்தமாக, "வேகமும் சைபர், முடுக்கமும் சைபர்" என்று கத்தினார்கள், குழந்தை கொட்டகைக் கூரையின் உயரத்துக்குப் போய், அங்கே கைகளை விரித்து, பல் முளைக்காத வாயைத் திறந்து சிரித்தபடி நின்றது. வாத்தியாரின் கைகள் கொஞ்ச நேரம் காத்திருந்தன. பிறகு வலித்ததால் இறக்கிக்கொண்டார்.

தீயணைப்பு வண்டி வந்தது. ஏணியைச் சாய்த்து ஏறிய இருவரும் அவருடைய பழைய மாணவர்கள். இழுத்துப் பார்த்தார்கள், குழந்தைக்கு வலிக்குமே என்று விட்டுவிட்டார்கள். இறங்கி வந்து தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, மரியாதையாக, "சார், உச்சியில எல்லாமே சைபர்தானுங்களே, அப்பறம் பாப்பா எப்படிங்க எறங்கும்?" என்றார்கள். அவர்கள் கேட்டது வாத்தியாருக்கு நியாயமாகவே பட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து வந்த டாக்டர் ஏணியில் நின்றபடியே நாடி பார்த்து, குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

ஆகவே வெயில் படாமல் பார்த்துக்கொண்டார்கள். முதலில் குழந்தைக்கு மேலே ஒரு பந்தல் போட்டார்கள். பிறகு பூங்கொடி அடிக்கடி ஏணியில் ஏற முடியாது என்று சவுக்குக் கழிகளால் பக்கத்தில் ஒரு சாரம் கட்டி, அதில் பலகை போட்டு, பலகையில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். பூங்கொடி அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், தலையை நீட்டிக் குழந்தையின் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டாள். லைன்மேன் வந்து கரண்ட் கம்பியை ரோட்டின் எதிர்ச் சாரிக்கு மாற்றினார். தேர் அந்தத் தெருவில் வரும்போது உச்சிக் கலசத்தைக் கழற்றிக்கொண்டு, கடந்ததும் மாட்டிக்கொண்டார்கள். வேண்டுதலுக்கு வந்தவர்கள் சாரத்தில் மஞ்சள் துணி முடிந்தார்கள். தேர்தலுக்கு நின்றவர்கள் குழந்தையோடு படம் எடுக்க ஆளுக்கொரு ஏணியோடு வந்தார்கள். மண்வாசலில் பந்தல் நிழல் விழுந்ததைப் பார்த்த குப்புராஜ், யாரும் பயன்படுத்தாத நிழல் வீணாகப் போவானேன் என்று தன் ஜூஸ் மிஷினைக் கொண்டுவந்து குழந்தைக்கு நேர் கீழே நிறுத்தினான். கரும்பை இரும்பு உருளைகள் கடித்து நசுக்கும் சத்தத்துக்குக் குழந்தை மேலே இருந்து சிரித்தது, அதனால் யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை.

டியூஷனில் கூட்டம் அள்ளியது. பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மற்ற இடங்களில் கரும்பலகையில் படம்தான் போடுவார்கள், இங்கே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் பாடமே நின்றது. யாரோ ஒரு பழைய மாணவர், 'இயற்பியலை நேரில் காணீர்' என்று ஒரு பேனர் அடித்துக் கட்டினார். வாத்தியார் அதை அவிழ்க்கச் சொல்லவில்லை. மகள் மேலே இருப்பது அவருக்கு வேதனைதான், ஆனால் தான் கட்டிய வரி இத்தனை பேர் கண்முன் சரி என்று நிற்பதில் அந்த வேதனைக்குள்ளேயே ஒரு துளி இனிப்பும் இருந்தது, அதை நினைத்தால் அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ரமீஜா தினமும் வந்தாள். எதுவும் கேட்கவில்லை. அவள் கேள்விக்குப் பதில் கொட்டகைக்கு வெளியே கைவிரித்துக்கொண்டு இருந்தபோது அவள் என்னத்தைக் கேட்பாள்?

ஐப்பசியில் ஒருநாள் பூங்கொடி சாரத்தில் இருந்து இறங்கி வந்தாள். கையில் நகவெட்டி இருந்தது.

"ஏனுங்க, பாப்பாவுக்கு நகம் வளரலீங்க."

"நல்லதுதான? மூஞ்சியக் கீறிக்கமாட்டா."

"ஆடியில அன்னிக்குக் காலைல வெட்டுனதுங்க. அப்படியே இருக்குது. முடி வளரல. பல்லு வரல. எதிரூட்டுப் பையன் இவளுக்கு மூத்தவனுங்களா? இவளவிடப் பத்து நாள் சின்னவன். கீச்சுச் செருப்புப் போட்டுட்டு ரோடெல்லாம் நடக்கறான், மேல உக்காந்து தினமும் பாக்கறேன். எம்புள்ள கை தட்டுன எடத்துலயே நிக்கறா." அவள் குரல் உயரவில்லை. "எல்லாமே சைபருன்னு நீங்கதான சொன்னீங்க? அதான் எல்லாமே சைபராப் போச்சு. நான் இழுத்தா வரமாட்டேங்கறா. எறிஞ்சது நீங்க. நீங்கதான் வாங்கோணும்."

வாத்தியார் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அழுதுவிட்டு முகம் கழுவி, அடுத்த வகுப்புக்குப் போனார், பிள்ளைகள் அந்த வரியைக் கத்தினார்கள், அவரும் பழக்கத்தில் கையால் தாளம் தட்டினார்.

கார்த்திகை போய், தை போய், பங்குனியில் பரீட்சை வந்தது. வாத்தியாரின் அதிர்ஷ்டமோ என்னவோ அந்தக் கேள்வி அதுவரை எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை, அந்த வருஷம் வந்தது. ஊஞ்சப்பாளையத்துப் பிள்ளைகள் பரீட்சை ஹாலில் இருந்து வெளியே வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்கள். பிறகு விடைக்குறிப்பு வெளியானது. உச்சியில் திசைவேகம் சுழி. முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு, கீழ்நோக்கி. வாத்தியார் அதைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார், கண்ணாடியைப் போடாமலும் படித்தார். மனைவி கேட்டபோதும் மகளின் நகம் வளராதபோதும் அசையாதது விடைக்குறிப்பைக் கண்டதும் அசைந்தது. அவர் அப்படி வளர்ந்தவர், ஊரையும் அப்படித்தான் வளர்த்திருந்தார். அச்சில் வந்துவிட்டால் அது சரி. தான் சொன்னது தப்பு.

தப்பு என்று தெரிந்ததும் திருத்துவது எப்படி என்பதும் அவருக்கு உடனே தெரிந்தது, அவருக்குத் தெரிந்த ஒரே வழியும் அதுதான். புது வரி கட்டினார். பழைய மாணவர்கள் எல்லோருக்கும் ஆள் அனுப்பினார். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பவானி ரோடு அடைபட, பஸ் கண்டக்டரும் மருந்துக்கடைக்காரரும் தீயணைப்பு ஆட்களும் அவர்கள் மனைவிமார்களும் பிள்ளைகளும் வந்து கூடினார்கள். ஸ்பீக்கர் கட்டினார்கள். வாத்தியார் மைக்கைப் பிடித்து, இத்தனை வருஷம் தான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்றார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. பிறகு அவர் வரியை எடுத்துக்கொடுத்தார், ஊரே சேர்ந்து, "உச்சியில நின்னா வேகம்தான் சைபர், முடுக்கம் ஒம்போது புள்ளி எட்டு!" என்று கத்தியது, ரோட்டோர ஆலமரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது, வெயில் ஏறும்வரை கத்தினார்கள், தொண்டை வறண்டவர்கள் குப்புராஜிடம் ஜூஸ் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி கத்தினார்கள். குழந்தை எல்லாவற்றுக்கும் கை தட்டியது. கீழே வரவில்லை.

உச்சி வெயிலில் கூட்டம் கலைந்தது. வாத்தியார் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். மேலே சாரத்தில் பூங்கொடி கிண்ணத்தில் கேழ்வரகுக் கூழை ஆற்றிக்கொண்டிருந்தாள், குழந்தைக்கு ஊட்ட. ரமீஜா போகாமல் நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"நீ என்ன எழுதுனே, அந்தக் கேள்விக்கு?" என்றார் வாத்தியார்.

"வேகம் சைபர், முடுக்கம் எவ்வளவுன்னு தெரியல, ஆனா சைபர் இல்லேன்னு எழுதுனேனுங்க சார். மார்க்கு வராது." அவள் துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இப்பவும் தெரியலீங்க சார். அதனாலதான் கேக்கறேன். இத்தன பேரு ஒம்போது புள்ளி எட்டுன்னு கத்துனாங்களே, ஒருத்தராவது கைய நீட்டுனாங்களா?"

"என்ன?"

"பாப்பா வுழுகுமுன்னு நெனச்சா கைய நீட்டுவோமில்லீங்களா? எல்லாரும் செல்போன வெச்சுப் படம் எடுத்தாங்க. நீங்க மைக்கப் பிடிச்சுட்டு நின்னீங்க."

வாத்தியாருக்குக் கோபம் வந்தது. இந்தப் பெண் எப்போதும் இப்படித்தான் என்று நினைத்தார். எழுந்து, அவளைத் திட்டுவதற்கு வாயைத் திறந்து, திட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை மேலே பார்த்தார். ஆடியில் இருந்து தினமும் பார்த்த அதே கோலம்தான். விரித்த கைகள், திறந்த வாய். ஆனால் இப்போது அவருக்கு அந்த ஐந்து மார்க் கணக்கு ஞாபகம் வந்தது. ஆயிரம் தடவை கரும்பலகையில் போட்ட கணக்கு, போகிற நேரமும் வருகிற நேரமும் சமம் என்கிற கணக்கு. போய்க்கொண்டிருந்தவள் வரவேண்டும் என்றால், வேகம் குறைந்து குறைந்து ஒன்றுமில்லாமல் ஆகி மறுபக்கம் கூடவேண்டும். அந்தக் குறைதலும் கூடுதலும் வேறு வேறு அல்ல, ஒரே மாற்றம், நடுவில் அது ஒரு கணமும் ஓய்வதில்லை. வேகம் இருப்பது வேறு, வேகம் மாறுவது வேறு. நின்றுவிட்டாள் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். அவளை இழுக்கிற பூமி எப்போது நிறுத்தியது? மேலே போகும்போதும் இழுத்தது, உச்சியிலும் இழுத்தது. இவள் நிற்கவே இல்லை. கையை விட்ட அந்தக் கணத்தில் இருந்தே இவள் வந்துகொண்டிருக்கிறாள்.

அப்படி நினைத்ததும் அவர் பார்வை தானாகக் கீழே இறங்கியது. குழந்தைக்கு நேர் கீழே குப்புராஜின் மிஷின் நின்றது. அதன் பல்சக்கரமும், உருளைகளும், இரும்புச் சட்டத்தின் கூரான மூலையும். இத்தனை மாதமும் அங்கேதான் நின்றிருக்கிறது. அப்படியொரு பயத்தை அவர் வாழ்க்கையில் பட்டதில்லை.

"டேய் குப்புராசு, எடுடா! வுழுகறாடா!"

குப்புராஜ் திரும்பிப் பார்ப்பதற்குள் வாத்தியாரே ஓடிப்போய்த் தோளைக் கொடுத்து மிஷினைத் தள்ளினார். அது சக்கரம் உருண்டு, சாய்ந்து, டம்ளர்கள் நொறுங்கக் கவிழ்ந்தது. வேட்டி தடுக்கியது, செருப்பு ஒன்று எங்கோ போனது, அவர் அந்த ஈர மண்ணில் நின்று அண்ணாந்து இரண்டு கைகளையும் விரித்தார். வரி எதுவும் சொல்லவில்லை. "வந்துரு கண்ணு, வந்துரு, அப்பா இருக்கறேன்" என்று மட்டும்தான் சொன்னார், அதுகூடச் சத்தமாக இல்லை.

சாரத்தில் பூங்கொடி நீட்டிய ஸ்பூனில் இருந்து குழந்தையின் வாய் விலகியது.

இதழினி வந்தாள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு இன்னும் வேகமாக. எந்த வேகத்தில் அவர் கையை விட்டுப் போனாளோ அதே வேகத்தில் அவர் கைக்கு வந்து சேர்ந்தாள். அந்தக் கைகளுக்கு அந்த வேகம் ஞாபகம் இருந்தது. அவர் அவளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கரும்புச் சக்கையின்மேல் உட்கார்ந்துவிட்டார். குழந்தை ஒரு மூச்சு இழுத்து, பிறகு வீறிட்டு அழுதது. ஆடியில் இருந்து அது அப்படி அழுததில்லை. பூங்கொடி சாரத்தின் கடைசிப் படிகளைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தாள், குழந்தையைப் பிடுங்கவில்லை, அவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, "வாங்கீட்டீங்க" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

குப்புராஜ் கவிழ்ந்த மிஷினைச் சுற்றிவந்து பார்த்தான். "சொல்லீருந்தா நானே நகத்தீருப்பனுங்களே சார்" என்றான்.

ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சாரத்தைப் பிரித்தார்கள், கலசம் தேரிலேயே நிரந்தரமாக ஏறியது, லைன்மேன் கம்பியைப் பழைய இடத்துக்கே மாற்றித் தந்தார். பேனரைப் பார்த்துவிட்டுத் தொலைவில் இருந்து வந்தவர்கள் கொஞ்ச நாள் வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். டியூஷனில் பாதிக்கு மேல் நின்றுவிட்டார்கள். வாத்தியார் இப்போது கத்தவிடுவதில்லை என்றும், ஒரு மார்க் கேள்விக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார் என்றும், எதைக் கேட்டாலும் நீ என்ன நினைக்கிறே என்று திருப்பிக் கேட்கிறார் என்றும், இப்படிப் படித்தால் பாஸாக முடியாது என்றும் சொன்னார்கள். ரமீஜா பாஸானாள், பாஸுக்கு வேண்டியதைவிட நாலு மார்க் கூடுதலாக. பாஸான பிறகும் சில சாயங்காலங்களில் வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்து எதையாவது கேட்டுவிட்டுப் போனாள்.

வைகாசி பிறந்ததும் ஒரு காலையில் பூங்கொடி வாசலில் உட்கார்ந்து மகளை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இதழினி திமிறினாள், பக்கத்தில் குனிந்திருந்த அப்பாவின் கன்னத்தை எட்டிப் பிடித்து இழுத்தாள், கன்னத்தில் மெல்லியதாக ஒரு கோடு விழுந்தது. வாத்தியார் அதைத் தொட்டுப் பார்த்தார், எரிந்தது.

"ஏனுங்க, கையக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்றாள் பூங்கொடி.

அவர் மகளின் விரலைப் பிடித்துக்கொள்ள, அவள் நகவெட்டியை எடுத்து வெட்டினாள்.